இல்லாமல் போன நாட்டின் அஞ்சல்தலைகள்: வாங்கலாமா, வேண்டாமா?

இந்த முறை வந்த கேள்விகளில் நான்கு கிழக்கு ஜெர்மனி அஞ்சல்தலைகளைப் பற்றியவை. சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: கிழக்கு ஜெர்மனி அஞ்சல்தலைகள், 1949 முதல் 1990 வரை முழுத் தொகுப்பு என்று ஒருவர் இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருக்கிறார். "அந்த நாடே இப்போது இல்லை, இனி ஒரு தலைகூட அச்சாகப் போவதில்லை, விலை ஏறிக்கொண்டேதான் போகும்" என்கிறார். முதலீடாக வாங்கிப் போடலாமா சார்?

பதில்: நாடு இல்லை என்பது சரி. 1949 அக்டோபர் 7 அன்று உருவாகி, 1990 அக்டோபர் 3 அன்று மேற்கு ஜெர்மனியோடு சேர்ந்து மறைந்துவிட்டது. மறைவதற்கு முந்தைய நாள்கூட அஞ்சல்தலை வெளியிட்டார்கள். டிராய் நகரைத் தோண்டிப் பார்த்த ஹைன்ரிஷ் ஷ்லீமானின் நினைவாக வந்தது அது. நாளைக்குப் புதைபொருளாகப் போகிற நாடு இன்றைக்கு அகழ்வாராய்ச்சிக்காரருக்குத் தலை போட்டிருக்கிறது!

இனி அச்சாகாது என்பதும் சரிதான். ஆனால் ஏற்கெனவே அச்சானது எவ்வளவு என்று அவர் சொல்லவில்லையே. நாற்பத்தோரு ஆண்டுகளில் சுமார் மூவாயிரம் தலைகள். பலவும் லட்சக்கணக்கில் அச்சானவை. வெளிநாட்டு சேகரிப்பாளர்களிடமிருந்து அந்நியச் செலாவணி வரும் என்பதற்காகவே அந்த அரசு படம் படமாக அச்சடித்துத் தள்ளியது. உள்நாட்டிலும் சேகரிப்பு பெரிய பொழுதுபோக்கு. அந்த நாட்டின் பண்பாட்டுச் சங்கமான 'குல்டூர்புண்டின்' கீழ் ஊருக்கு ஊர் சேகரிப்பாளர் குழுக்கள் இருந்தன. அன்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தவர்களின் ஆல்பங்கள் இன்று பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் கைக்கு வந்து, அங்கிருந்து சந்தைக்கு வருகின்றன. விற்க வருகிறவர்கள் கூட்டம் பெரிது, வாங்க நிற்கிற வரிசை சிறிது. விலை எப்படி ஏறும்?

விற்பவர், 'மிஷெல்' என்ற ஜெர்மன் அஞ்சல்தலை விலைப்பட்டியலில் போட்டிருக்கிற தொகையைக் காட்டி "அதில் பாதிதான் கேட்கிறேன்" என்பார். பட்டியல் விலை என்பது கடைக்காரர் ஒற்றைத் தலையை நல்ல நிலையில் எடுத்துக் கொடுப்பதற்கான விலை. மொத்த ஆல்பம் கைமாறும்போது அதில் ஒரு சிறு பங்குதான் தேறும். பார்த்து ரசிக்க வாங்குங்கள், தாராளமாக வாங்குங்கள். முதலீடு என்றால் வேண்டாம்.

கேள்வி: அப்படி ஒரு 'முழுத் தொகுப்பை' வாங்கிவிட்டேன். பல செட்களில் ஒரு தலை மட்டும் இல்லை. கேட்டால் "அது தடுப்புத் தலை, கணக்கில் வராது" என்கிறார். ஏமாற்றுகிறாரா?

பதில்: ஆமாம். அதுதான் கணக்கில் வரவேண்டிய தலை.

ஜெர்மன் மொழியில் 'ஷ்பெர்வெர்ட்' என்பார்கள், தடுத்து வைக்கப்பட்ட மதிப்பு என்று பொருள். ஐம்பதுகளின் நடுவிலிருந்து எண்பதுகளின் தொடக்கம் வரை கிழக்கு ஜெர்மனி அஞ்சல் துறை ஒரு வேலை செய்தது. ஐந்து, ஆறு தலை கொண்ட ஒரு செட்டில் ஒன்றை மட்டும் வேண்டுமென்றே குறைவாக அச்சடித்தது. அந்த ஒன்றை வாங்கச் சேகரிப்பாளர் அட்டை வேண்டும், அட்டைக்கு இத்தனைதான் என்ற அளவும் உண்டு. மேற்கிலிருந்து வருகிறவர்கள் உள்நாட்டு விலையில் முழு செட்டை அள்ளிக்கொண்டு போகக் கூடாது, வேண்டுமானால் அரசின் ஏற்றுமதி நிறுவனத்திடம் நல்ல பணம் கொடுத்து வாங்கட்டும் என்பது எண்ணம்.

அதனால் செட்டின் மதிப்பில் பெரும்பகுதி அந்த ஒரு தலையில்தான் கிடக்கும். மற்றவை சில்லறை. முழுத் தொகுப்பு என்று யாராவது சொன்னால், நான் முதலில் பிரிப்பது அந்தக் காலத்துப் பக்கங்களைத்தான். நானும் ஒருமுறை ஆல்பத்தின் மேலட்டை அழகில் மயங்கி வாங்கி, வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தபோது இப்படி முப்பது நாற்பது ஓட்டைகள் இருந்தன. விற்றவர் சிரித்துக்கொண்டே "நீங்கள் கேட்கவில்லையே" என்றார். கேட்காதது என் தப்புதான்.

உங்கள் விஷயத்தில், விளம்பரத்தில் 'முழு' என்ற சொல் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். நீங்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்து, விற்றவரும் அங்கே தொழிலாகச் செய்பவர் என்றால், இணையத்தில் வாங்கியதைப் பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலேயே திருப்பும் உரிமை உண்டு. தனிநபர் தன் ஆல்பத்தை விற்றால் அந்த 14 நாள் கிடையாது. ஆனால் இல்லாததை இருக்கிறது என்று சொல்லி விற்றது தனிநபருக்கும் தப்புதான்.

கேள்வி: முத்திரை விழுந்த தலைகளாக ஒரு கட்டு வாங்கினேன். எல்லாம் பளபளவென்று இருக்கின்றன, பின்னால் பசைகூட அப்படியே இருக்கிறது. இவை போலியா?

பதில்: போலி இல்லை. ஆனால் இவை எந்தக் கடிதத்திலும் பயணம் செய்தவையும் இல்லை. சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்காக அச்சுத்தாளிலேயே முத்திரை குத்தி அனுப்பியவை. கண்டுபிடிப்பது சுலபம். முத்திரை ஒரு மூலையில் கால் வட்டமாக அழகாக உட்கார்ந்திருக்கும். அடுத்த தலையிலும் அதே மூலை, அதே தேதி. உண்மையான தபால்காரருக்கு அவ்வளவு பொறுமை ஏது? அவர் குத்தினால் பாதி படம் மறையும், மை வழியும், கோணலாக விழும்.

இந்த மூலை முத்திரைத் தலைகள் கொள்ளை கொள்ளையாகக் கிடைக்கின்றன, குழந்தைகளுக்கு ஆல்பம் தொடங்கித் தர அருமையானவை. பணம் கொடுக்க வேண்டியது உண்மையாகவே தபாலில் போய் வந்தவற்றுக்கு. அதிலும் மேலே சொன்ன தடுப்புத் தலை, உறையோடு, நிஜ முத்திரையோடு கிடைத்தால் விடாதீர்கள்.

முத்திரை விழாத தலைகளில் சிக்கல் வேறு. ஜெர்மன் விளம்பரங்களில் இரண்டு நட்சத்திரக் குறி என்றால் பசை கன்னி கழியாமல் இருக்கிறது, ஒற்றை நட்சத்திரம் என்றால் ஒட்டுவில்லை (தலையை ஆல்பத்தில் ஒட்டப் பயன்படும் சிறு தாள்) போட்ட தடம் உண்டு, வட்டக் குறி என்றால் முத்திரை விழுந்தது. ஐம்பதுகளின் தலைகளில் இரண்டு நட்சத்திரத்துக்கும் ஒற்றைக்கும் விலை வித்தியாசம் அதிகம் என்பதால், தடத்தை மறைக்கப் புதிதாகப் பசை பூசி விற்பவர்களும் இருக்கிறார்கள். பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், துளைப் பற்களின் நுனியில் பசை வழிந்து கெட்டியாகி இருந்தால் சந்தேகப்படுங்கள். 1953-ல் வந்த ஐந்தாண்டுத் திட்ட வரிசையில் கல்லச்சு, எழுத்தச்சு என்ற அச்சு முறைகளிலும், நீர்க்குறியிலும் (தாளுக்குள் மங்கலாகத் தெரியும் அடையாளம்) வகை வகையாக உண்டு. "இது அரிய நீர்க்குறி" என்று சொல்லிப் பெரிய விலை கேட்டால், அஞ்சல்தலை உண்மையா போலியா என்று சோதித்துச் சொல்லும் ஜெர்மன் தேர்வாளர்களின் சங்கமான பி.பி.பி. உறுப்பினர் ஒருவரின் சான்றிதழ் இல்லாமல் பையில் கை விடாதீர்கள்.

கேள்வி: இசையமைப்பாளர் ஷூமான் தலையில் தவறான இசைக்குறிப்பு அச்சான 'பிழைத் தலை' கிடைத்திருக்கிறது. பெரிய விலை சொல்கிறார்கள். நியாயமா?

பதில்: கதை உண்மை, விலைதான் பொய். ஷூமான் இறந்து நூறு ஆண்டு ஆனதற்காக 1956 ஜூலையில் இரண்டு தலைகள் வந்தன. அவர் படத்துக்குப் பின்னால் இருந்தது ஷூபர்ட்டின் இசை! விஷயம் தெரிந்ததும் அக்டோபரில் ஷூமானின் சொந்த இசைக்குறிப்போடு மறுபடி வெளியிட்டார்கள். ஆனால் அதற்குள் பிழையான தலைகள் ஏராளமாக விற்றுத் தீர்ந்துவிட்டன. பிழையானதும் திருத்தியதும் இன்று மலிவாகவே கிடைக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆல்பத்தில் அழகான பக்கம், அவ்வளவுதான்.

இதே பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால், இரண்டு ஜெர்மனிகளும் அஞ்சல்தலைகளை வைத்துப் போட்ட சண்டையில் சிக்கிய அந்தக் காலத்துக் கடித உறைகளைத் தேடச் சொல்வேன். 1965-ல் மேற்கு ஜெர்மனி, போருக்குப் பின் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து விரட்டப்பட்ட ஜெர்மானியர் நினைவாக ஒரு தலை வெளியிட்டது. அந்தத் தலையை ஒட்டி அனுப்பிய கடிதங்களைக் கிழக்கு ஜெர்மனி ஏற்கவில்லை. தலையின் மேல் கறுப்பு பூசியது, அல்லது கடிதத்தையே திருப்பி அனுப்பியது. அப்படித் திரும்பி வந்த உறை ஒன்று என்னிடம் இருக்கிறது. முழு ஆல்பத்தைவிட அதைத்தான் நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். வாங்கும்போது கறுப்பு மை உறையின் தாளிலும் சிதறியிருக்கிறதா, முத்திரைத் தேதி 1965-க்கு முந்தியதாக இல்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் உட்கார்ந்து கறுப்புப் பேனாவால் பூசியவையும் சந்தையில் உலவக்கூடும்.