லேப்டாப்பில் 3டி படம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தியேட்டரில் கொடுத்த 3டி கண்ணாடி கையில் இருக்கிறது. லேப்டாப்பில் 3டி படத்தை ஓடவிட்டு, அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் எந்த மாற்றமும் இல்லை. கண்ணாடி கெட்டுவிட்டதா?

பதில்: கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் திரைக்கு அது பொருந்தாது. 3டி கண்ணாடி ஆழத்தை உருவாக்குவதில்லை. இடது கண்ணுக்கு உரிய படத்தையும் வலது கண்ணுக்கு உரிய படத்தையும் பிரித்து அனுப்புவது மட்டுமே அதன் வேலை. பிரிக்க வேண்டுமானால் இரண்டு படங்களுக்கும் ஏதாவது ஓர் அடையாள வித்தியாசம் இருக்க வேண்டும். பல தியேட்டர்களில் அந்த வித்தியாசம் ஒளியின் சுழற்சித் திசை: ஒரு கண்ணின் படம் வலஞ்சுழி, மற்றதன் படம் இடஞ்சுழி. சாதாரண லேப்டாப்பின் எல்சிடி திரையோ முழுப் படத்தையும் ஒரே துருவ நிலையில்தான் (ஒளி அலை அதிரும் விதம்) வெளியிடும். பிரிக்க எதுவும் இல்லாததால் இரண்டு கண்ணுக்கும் ஒரே படம் போகிறது.

உங்களிடம் இருப்பது எந்த வகைக் கண்ணாடி என்று தெரிந்துகொள்ள ஒரு நிலைக்கண்ணாடி போதும். 3டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, நிலைக்கண்ணாடியைப் பாருங்கள். திறந்திருக்கும் கண்ணுக்கு முன்னால் உள்ள வில்லை கறுப்பாகத் தெரிந்தால் அது சுழல் துருவ வகை. மூடிய கண்ணின் வில்லை கறுப்பாகத் தெரிந்தால் நேர்கோட்டுத் துருவ வகை. சுழல் வகையைப் பத்திரமாக வைத்திருங்கள். பிம்பத்தை வரிசை விட்டு வரிசையாகப் பிரித்துக் காட்டும் 3டி டிவிகளிலும் மானிட்டர்களிலும் அது பெரும்பாலும் வேலை செய்யும்.

கேள்வி: அப்படியானால் சாதாரண லேப்டாப்பில் 3டி பார்க்க வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது. வண்ணத்தால் பிரிக்கும் சிவப்பு–சயான் கண்ணாடி எந்த வண்ணத் திரையிலும் வேலை செய்யும். சிவப்பு வில்லை இடது கண்ணுக்கு, நீலப்பச்சையான சயான் வில்லை வலது கண்ணுக்கு. வண்ணம் கொஞ்சம் கெடும், வெளிச்சம் குறையும். ஆனால் ஆழம் உண்மையாகவே தெரியும்.

கோப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஏற்கெனவே சிவப்பும் நீலமுமாகக் கலந்து பதிவான வீடியோவைத் தவிர்த்துவிடுங்கள். இடது, வலது படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் கோப்பே நல்லது. பெயரில் ‘எஸ்பிஎஸ்’ என்றிருந்தால் அது அந்த வகை. ‘எச்எஸ்பிஎஸ்’ என்றால் 1920 × 1080 சட்டகத்துக்குள் இரண்டு படங்களும் 960 புள்ளி அகலத்துக்கு ஒடுக்கப்பட்டிருக்கும். ‘எச்ஓயு’ என்றால் ஒன்று மேலே, ஒன்று கீழே.

இனி மென்பொருள். பினோ என்ற இலவச பிளேயர் 3டி படங்களுக்காகவே எழுதப்பட்டது. கோப்பைத் திறந்து, உள்ளீட்டில் படங்கள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்பதையும், வெளியீட்டில் சிவப்பு–சயான் என்பதையும் தேர்ந்தெடுத்தால் போதும். சிவப்பு–சயானிலேயே சில உட்பிரிவுகள் இருக்கும். கண்ணாடிக்கு ஏற்றபடி வண்ணங்களைக் கணக்கிட்டுக் கலக்கும் ‘டுபுவா’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். விஎல்சி பிளேயரிலும் செய்யலாம்: ‘டூல்ஸ்’ மெனுவில் ‘எஃபெக்ட்ஸ் அண்ட் ஃபில்டர்ஸ்’, அதில் ‘வீடியோ எஃபெக்ட்ஸ்’, அதற்குள் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் அனாகிளிஃப் 3டி (சிவப்பு–சயான் போல வண்ணத்தால் பிரிக்கும் முறையின் பெயர்) என்ற கட்டத்தை டிக் செய்யவும். ஆனால் இது பக்கவாட்டுக் கோப்புகளுக்கு மட்டும்தான். மேல்–கீழ் கோப்புக்கு உதவாது. ஆட்கள் ஒல்லியாகவோ அகலமாகவோ தெரிந்தால் ‘ஏ’ விசையை அழுத்தி அழுத்திப் பட விகிதத்தை 16:9-க்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: ஆழம் தலைகீழாகத் தெரிகிறது. முன்னால் நிற்பவர் சுவருக்குள் குழி விழுந்தது போலிருக்கிறார்.

பதில்: இடமும் வலமும் மாறியிருக்கிறது. பிளேயரில் கண்களை மாற்றும் வசதியைச் சொடுக்குங்கள். அது இல்லையென்றால் கண்ணாடியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சரியானால் காரணம் உறுதி.

கேள்வி: சிவப்பு–சயான் கண்ணாடியில் எல்லா உருவத்துக்கும் பக்கத்தில் இன்னொரு மங்கலான உருவம் தெரிகிறது. விலை கூடிய கண்ணாடி வாங்கினால் போய்விடுமா?

பதில்: வாங்குவதற்கு முன் குற்றம் கண்ணாடியிலா, கோப்பிலா, திரை அமைப்பிலா என்று பாருங்கள். ஒரு கண்ணுக்கான படம் மறு கண்ணுக்குக் கசிவதுதான் இந்த நிழல் உருவம்.

முதலில் கண்ணாடி. ஏதாவது ஓவிய மென்பொருளில் கறுப்புப் பின்னணியில் இரண்டு பெரிய கட்டங்கள் வரையுங்கள். ஒன்றுக்குச் சுத்தச் சிவப்பு (சிவப்பு 255, பச்சை 0, நீலம் 0), மற்றதற்குச் சுத்தச் சயான் (0, 255, 255). சயான் வில்லை வழியாக மட்டும் பார்க்கும்போது சிவப்புக் கட்டம் கறுப்பில் கரைந்துவிட வேண்டும். சிவப்பு வில்லை வழியாகப் பார்க்கும்போது சயான் கட்டம் கரைய வேண்டும். எந்தக் கட்டம் பளிச்சென்று தெரிகிறதோ, அதை மறைக்க வேண்டிய வில்லைதான் கசிகிறது. வண்ணக் காகிதத்திலும் பேனா மையிலும் வீட்டில் செய்த கண்ணாடிகள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்கும். அவற்றின் வண்ணம் கண்ணுக்கு அடர்த்தியாகத் தெரிந்தாலும் தடுக்க வேண்டிய நிறத்தை முழுதாகத் தடுப்பதில்லை.

கண்ணாடி தேறிவிட்டால் திரையின் அமைப்பைப் பாருங்கள். இரவு நேர ‘நைட் லைட்’ இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். அது நீலத்தைக் குறைப்பதால் சயான் கண்ணுக்குப் படம் மங்கி, இரு கண்ணுக்கும் வெளிச்சம் சமமில்லாமல் போகும். வண்ணத்தைத் தூக்கிக் காட்டும் ‘விவிட்’ போன்ற முறைகளும் வேண்டாம். திரையின் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து, அறை விளக்கை அணைத்தால் பின்னணியில் தெரியும் மெல்லிய நிழல்கள் அடங்கும். பழைய டிஎன் வகை எல்சிடி திரையில் மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் வண்ணமே மாறும். மூடியைச் சாய்த்து, திரைக்கு நேராகக் கண் இருக்கும்படி வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் நிழல் தங்கினால் கோப்பைச் சந்தேகியுங்கள். வீடியோவைச் சுருக்கும் வழக்கமான முறையில் (4:2:0 என்பார்கள்) வெளிச்ச விவரம் முழுதாகவும், வண்ண விவரம் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகவும் பதிவாகிறது. சாதாரணப் படத்தில் கண் இதைக் கவனிக்காது. சிவப்பு–சயான் படத்திலோ இரண்டு கண்களையும் பிரிப்பதே வண்ணம்தான். அது பாதியானால் ஓரங்களில் ஒரு கண்ணின் படம் மறு கண்ணுக்குள் வழியும். இந்தச் சேதத்தை எந்தக் கண்ணாடியாலும் சரிசெய்ய முடியாது. பக்கவாட்டுக் கோப்பை எடுத்துக்கொண்டு, ஓடும்போது பிளேயரே வண்ணம் பிரிக்கட்டும் என்று மேலே சொன்னது இதனால்தான்.

நிழல் இல்லை, ஆனால் சிவப்புச் சட்டை மட்டும் மினுமினுக்கிறது என்றால் அது வேறு சிக்கல். ஒரு கண்ணுக்கு வெளிச்சமாகவும் மறு கண்ணுக்குக் கறுப்பாகவும் தெரியும் பொருளை மூளையால் ஒன்றாக்க முடிவதில்லை. டுபுவா முறையோ, இடது கண்ணின் படத்தை மட்டும் கறுப்பு வெள்ளையாக்கும் ‘ஹாஃப் கலர்’ முறையோ இதைக் குறைக்கும். அப்படியும் தொல்லை என்றால் ‘கிரே’ முறையில் வண்ணத்தைத் துறந்துவிடலாம். கறுப்பு வெள்ளைப் படங்கள் இந்த முறையில் மிக அழகாக இருக்கும்.

கேள்வி: எல்லாம் சரியாக ஓடுகிறது. ஆனால் தியேட்டரில் பார்த்த ஆழம் லேப்டாப்பில் வரவில்லையே?

பதில்: வராது. கணக்கே அப்படி. தொலைவில் ஒரு மலை. அதன் இடது படமும் வலது படமும் திரை அகலத்தில் 0.5 சதவீதம் விலகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் அகலத் தியேட்டர் திரையில் அது 5 செ.மீ. நம் கண்களின் இடைவெளி ஏறக்குறைய 6.5 செ.மீ. பார்க்கும் தூரத்தை விலகலால் பெருக்கி, கண் இடைவெளியில் விலகல் போக மிஞ்சியதால் வகுத்தால், பொருள் திரைக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் தெரியும் என்பது வரும். 12 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு அந்த மலை 40 மீட்டர் பின்னால் நிற்கும்.

அதே படம் 15.6 அங்குல லேப்டாப்பில் என்றால் திரை அகலம் சுமார் 34.5 செ.மீ., விலகல் 1.7 மி.மீ. 60 செ.மீ. தூரத்திலிருந்து பார்க்கும் உங்களுக்கு மலை 1.6 செ.மீ. பின்னால்! படம் எடுத்தவர்கள் பெரிய திரையை மனத்தில் வைத்துத்தான் விலகலை அளந்திருப்பார்கள்.

சில பிளேயர்களில் இரண்டு படங்களையும் கிடைமட்டமாக நகர்த்தும் வசதி உண்டு. இடது படத்தை இடப்பக்கமும் வலது படத்தை வலப்பக்கமும் சில புள்ளிகள் தள்ளினால் காட்சி முழுவதும் திரைக்குப் பின்னால் போகும். ஆழம் அதிகம் பெருகாது, முக்கியமாகக் காட்சியின் இடம்தான் மாறும். ஆனாலும் ஒரு ஜன்னல் வழியாகப் பார்க்கும் உணர்வு கிடைக்கிறது. 60 செ.மீ. தூரத்தில் மொத்த விலகல் 1 செ.மீ.க்கு மேல் போனால் கண் வலிக்கத் தொடங்கும். உண்மையான தீர்வு பெரிய திரைதான்.

கேள்வி: என் லேப்டாப் திரை 144 ஹெர்ட்ஸ். ஷட்டர் கண்ணாடி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஷட்டர் கண்ணாடி இடது, வலது கண்களை மாறி மாறி மறைக்கும்; திரையும் அதற்கேற்ப இரண்டு படங்களை மாறி மாறிக் காட்டும். இதற்கு வேகம் தேவைதான். 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 படம், இருந்தால் ஒவ்வொரு கண்ணுக்கும் 60. ஆனால் வேகம் மட்டும் போதாது. எல்சிடி திரை மேலிருந்து கீழாக வரி வரியாகப் புதுப்பிக்கிறது. நடுவழியில் மேல் பாதியில் ஒரு கண்ணின் படமும் கீழ் பாதியில் மறு கண்ணின் படமும் இருக்கும். அதை மறைக்க, அதற்கென்றே செய்த திரையும், கண்ணாடியை ஒத்திசைக்கும் கருவியும், அதற்கான டிரைவரும் வேண்டும். இந்த மூன்றும் இணைந்து இயங்க வழி செய்த என்விடியா 3டி விஷன் 2009-ல் வந்தது. 2019 ஏப்ரலோடு, 418 வரிசை டிரைவருக்குப் பின், ஆதரவு நின்றுவிட்டது. அந்த வகைப் பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் டிரைவரைப் புதுப்பிக்காமல் இருப்பது நல்லது.

கேள்வி: 3டி ப்ளூ-ரே டிஸ்க் போட்டால் சாதாரணப் படமாகவே ஓடுகிறது. லேப்டாப்பைப் பழைய 3டி டிவியோடு இணைத்தால் சரியாகுமா?

பதில்: இரண்டும் தனித்தனிச் சிக்கல். 3டி ப்ளூ-ரேயில் ஒரு கண்ணின் படம் முழுதாகவும், மறு கண்ணின் படம் அதிலிருந்து வேறுபடும் பகுதியாகவும் எம்விசி முறையில் பதிவாகியிருக்கும். விஎல்சி போன்றவை முதல் படத்தை மட்டுமே படிக்கும். ‘ப்ளூ-ரே 3டி’ ஆதரவு என்று வெளிப்படையாகக் குறிப்பிட்ட மென்பொருள் பதிப்புதான் தேவை.

டிவிக்கு அவ்வளவு சிரமம் இல்லை. எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்து, தெளிவை 1920 × 1080-ல் வைத்து, எச்எஸ்பிஎஸ் கோப்பை எந்த மாற்றமும் செய்யாமல் முழுத்திரையில் ஓடவிடுங்கள். திரையில் இரண்டு ஒல்லிப் படங்கள் தெரியும். பிறகு டிவி ரிமோட்டில் 3டி பொத்தானை அழுத்தி ‘சைடு பை சைடு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். சப்டைட்டில் ஒன்றுதான் படுத்தும்: சாதாரண சப்டைட்டில் இரண்டு படங்களின் நடுவே எழுதப்படுவதால் இடது கண்ணுக்கு முதல் பாதியும் வலது கண்ணுக்கு மீதியும் போய் எதையும் படிக்க முடியாது. இரண்டு பக்கமும் தனித்தனியே எழுதும் வசதி பிளேயரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அரை மணி நேரம் பார்த்தாலே தலை வலிக்கிறது. பவர் கண்ணாடி போடுபவன் நான்.

பதில்: பவர் கண்ணாடியைக் கழற்றாதீர்கள், அதன் மேலேயே 3டி கண்ணாடியைப் போடுங்கள், அல்லது மாட்டிக்கொள்ளும் கிளிப் வகை வாங்குங்கள். இரு கண்ணும் தெளிவாகப் பார்த்தால்தான் மூளைக்கு வேலை குறையும். பவர் சரியாக இருந்தும் வலிக்கிறதென்றால், கண் திரையின் தூரத்துக்குக் குவிந்துகொண்டே வேறொரு தூரத்தை நோக்கித் திரும்ப வேண்டியிருப்பது காரணமாக இருக்கலாம். திரையிலிருந்து 20, 30 செ.மீ. கூடுதலாகத் தள்ளி உட்காருங்கள், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தொலைவில் பாருங்கள். கண்ணாடியைக் கழற்றியதும் ஒரு கண்ணுக்கு உலகம் சிவப்பாகவும் மறு கண்ணுக்கு நீலமாகவும் சில நிமிடம் தெரிவது இயல்பு; பயப்பட வேண்டியதில்லை. இடைவெளி விட்டுப் பார்த்தும் ஒவ்வொரு முறையும் வலித்தாலோ, எந்த முறையிலும் ஆழமே தெரியாவிட்டாலோ கண் மருத்துவரிடம் காட்டுங்கள். மாறுகண்ணோ, ஒரு கண்ணில் மட்டும் பார்வைக் குறைவோ இருப்பவர்கள் சிலருக்கு அது 3டி பார்க்கும்போதுதான் முதன்முதலில் தெரியவருகிறது.