மெயின் கேஸ் வால்வு திறக்காவிட்டால் பழுது வால்விலா?

கேள்வி: எங்கள் உணவுப் பதனத் தொழிற்சாலையில் மணிக்கு 3 டன் நீராவி தரும், இயற்கை எரிவாயுவில் இயங்கும் பாய்லர் உள்ளது. சில நாட்களாகப் பைலட் (பற்றவைக்கும் சிறு சுடர்) நன்றாகப் பற்றிக்கொண்ட பிறகும் மெயின் வால்வு திறக்காமல் பர்னர் லாக்அவுட் ஆகிறது, அதாவது பாதுகாப்புக்காகத் தானே நின்று ரீசெட் செய்யும் வரை பூட்டிக்கொள்கிறது. ரீசெட் செய்தால் சில வேளை ஓடுகிறது. வால்வைத் திறந்து மூடும் ஆக்சுவேட்டரை மாற்றச் சொல்கிறார் ஒருவர். வால்வு மூடியிருப்பதைக் காட்டும் சுவிட்சுக்கு லூப் போட்டால் (வயரால் நேரடியாக இணைத்துச் சுவிட்சைச் செயலிழக்கச் செய்தால்) போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன். எதைச் செய்யலாம்?
— வாசகர், ஓசூர்

பதில்: லூப் போடவே கூடாது. ஆபத்து ஒருபுறமிருக்க, அதனால் உங்களுக்குப் பயனும் இல்லை. அந்தச் சுவிட்சைப் பெரும்பாலான பர்னர் கண்ட்ரோலர்கள் பற்றவைப்பதற்கு முன்பே சரிபார்த்துவிடுகின்றன. உங்கள் பைலட் எரிகிறது என்றால் அந்தக் கட்டம் தாண்டியாயிற்று.

ஆக்சுவேட்டருக்கு ஆர்டர் கொடுக்குமுன், வால்வு திறக்க வேண்டிய அந்தச் சில நொடிகளில் அதன் டெர்மினலுக்கு மின்சாரம் வருகிறதா என்பதை, தகுதியுள்ள டெக்னீஷியன் ஒருவரைக் கொண்டு மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 230 வோல்ட் முழுமையாக வந்து, உள்ளே பம்ப் ஓடும் ரீங்காரமும் கேட்டு, தண்டின் காட்டி மட்டும் நகரவில்லை என்றால், எண்ணெய் அழுத்தத்தால் திறக்கும் வகை ஆக்சுவேட்டர் பழுதாகிவிட்டது என்று சொல்லலாம். மின்சாரமே வரவில்லை என்றால் வால்வைக் குறை சொல்ல இடமில்லை: சுடரைக் கண்காணிக்கும் ஸ்கேனரின் கண்ணாடியில் புகை படிந்து சுடர் சிக்னல் பலவீனமாகியிருக்கலாம், அல்லது கேஸ் பிரஷர் சுவிட்ச் தடுத்திருக்கலாம். ரீசெட் செய்தால் சில வேளை ஓடுகிறது என்கிறீர்களே, அது எனக்குத் தளர்ந்த டெர்மினலையே நினைவூட்டுகிறது. பாய்லர் முகப்பின் வெப்பத்தில் ஜங்ஷன் பாக்ஸ் திருகுகள் தளர்வது சாதாரணம். பெரிய மோட்டார் ஏதேனும் ஸ்டார்ட் ஆகும்போது மின்னழுத்தம் சரிகிறதா என்றும் பாருங்கள். வழக்கமான ஆக்சுவேட்டர்கள் 15 சதவீதக் குறைவு வரை, அதாவது சுமார் 195 வோல்ட் வரை, தாங்கும்.

வால்வு சற்றுத் திறந்து உடனே மூடிக்கொள்கிறது என்றால், அந்த நொடியில் கேஸ் பிரஷர் கேஜைக் கவனியுங்கள். நிற்கும்போது சரியாக இருக்கும் முள், வாயு பாயத் தொடங்கியதும் சட்டென இறங்கினால் ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது ரெகுலேட்டர் ஈடுகொடுக்கவில்லை என்று பொருள்.

திறக்காத வால்வு உற்பத்தியை மட்டுமே நிறுத்தும்; சரியாக மூடாத வால்வோ, நின்றிருக்கும் பாய்லரின் எரியறைக்குள் வாயுவைக் கசியவிட்டு அடுத்த பற்றவைப்பில் வெடிப்பில் முடியும். இரண்டு வால்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கப்படுவதற்குக் காரணமே இதுதான். ஆகவே இந்தப் பழுதைச் சரிசெய்யும்போதே கசிவுச் சோதனையையும் சேர்த்துச் செய்துவிடுங்கள். பர்னரை நிறுத்தி, முன்பக்கக் கைவால்வு திறந்த நிலையில், இரண்டு ஷட்-ஆஃப் வால்வுகளுக்கும் இடையிலுள்ள டெஸ்ட் காக்கில் (சோதனைக்கான சிறு திறப்பில்) ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தி, மறுமுனையை நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே நிறுத்துங்கள். சிக்கியிருக்கும் வாயு வெளியேறிய பிறகும் குமிழிகள் தொடர்ந்தால் முதல் வால்வு கசிகிறது. இரண்டாவதைச் சோதிக்க இடைப்பகுதிக்கு அழுத்தம் ஏற்ற வேண்டியிருப்பதால் அதை பர்னர் சர்வீஸ் டெக்னீஷியனிடம் விட்டுவிடுங்கள். நிமிடத்துக்கு எத்தனை குமிழி வரை ஏற்கலாம் என்பது வால்வின் அளவைப் பொறுத்தது. தயாரிப்பாளரின் கையேட்டில் அட்டவணை இருக்கும். அதைத் தாண்டினால் வால்வை மாற்றிவிடுங்கள். அண்மையில் பைப் வேலை நடந்திருந்தால் வால்வு சீட்டில் (வால்வு மூடும்போது அழுந்தும் பரப்பில்) வெல்டிங் துகள் சிக்கியிருக்க வாய்ப்புண்டு என்பதால், புதியதைப் பொருத்துமுன் லைனையும் ஃபில்டரையும் சுத்தம் செய்யுங்கள்.