மாலை வகுப்பில் ஓ.எல் முடித்த பெண்களைச் சுகாதார வேலைக்குக் கொண்டுபோக எங்கே தொடங்குவது?

கேட்டவர் கிளிநொச்சிப் பக்கம் ஒரு மாதர் சங்கத்தில் வேலை செய்கிறார். வளர்ந்தோர் வகுப்பில் படித்து ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) எடுத்த ஏழெட்டுப் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். வயது 28இலிருந்து 40 வரை. எல்லோருக்கும் ஆஸ்பத்திரி வேலையில்தான் விருப்பம் என்று எழுதியிருக்கிறார்.

நானும் வன்னியில் எட்டு வருசமாக மாலை வகுப்பு எடுக்கிறேன். என்னிடம் படித்தவர்களில் சிலர் இன்று நோயாளர் பராமரிப்பு வேலையில் இருக்கிறார்கள். சிலர் போய், ஒரு மாதத்திலேயே திரும்பி வந்தார்கள். திரும்பி வந்தவர்களிடம்தான் நான் கூடுதலாகப் படித்தேன்.

முதலில், "தாதியாகலாம்" என்று அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். அரச தாதியர் பயிற்சிக்கு ஏ.எல் (உயர்தரம்) விஞ்ஞானப் பிரிவு வேண்டும், பயிற்சி மூன்று வருசம், வயதெல்லையும் உண்டு. வவுனியாவில் தாதியர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது என்பதால் ஓ.எல்லோடு அங்கே போகலாம் என்று நம்பிக்கொண்டிருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்த நம்பிக்கை உடைந்தால் வேறு வழி இருந்தாலும் கேட்க மாட்டார்கள். இவர்களுக்குத் திறந்திருக்கும் வழி நோயாளர் பராமரிப்பாளர், உதவித் தாதி போன்ற என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) பயிற்சிகள். மூன்றாம், நான்காம் மட்டச் சான்றிதழ் கையில் இருந்தால் தனியார் ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், வீட்டுப் பராமரிப்பு என்று கேட்டுப் போகலாம்.

காசு கட்டுவதற்கு முன்னர் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருப்பது ஒன்று. அந்தக் குறிப்பிட்ட பாடநெறிக்குத் தராதர அங்கீகாரம் இருப்பது இன்னொன்று. பதிவு இலக்கத்தை மட்டும் காட்டிச் சேர்ப்பவர்கள் உண்டு. என் மாணவி ஒருவர் தோட்டை அடகு வைத்து ஓரிடத்தில் கட்டணம் கட்டினார். ஆறு மாதத்துக்குப் பிறகு பளபளவென்று ஒரு சான்றிதழ் வந்தது. அதில் என்.வி.கியூ என்ற சொல்லே இல்லை. அன்றைக்கு நான் கூடப் போய்க் கேட்டிருக்க வேண்டும். அந்தத் தோடு இன்னும் மீளவில்லை.

உங்கள் பெண்களில் யாராவது ஏற்கனவே வருசக்கணக்கில் நோயாளரைப் பராமரித்திருந்தால் முழுப் பயிற்சியும் தேவைப்படாமல் போகலாம். முன்கற்றலை அங்கீகரித்தல் என்று ஒரு முறை இருக்கிறது. செய்த வேலைக்கு ஆதாரம் சேர்த்துக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்டினால் அதே என்.வி.கியூ கிடைக்கும். நைற்றா என்ற அரச தொழிற்பயிற்சி அதிகாரசபையின் அலுவலகத்தில் விசாரியுங்கள். வன்னியில் இது பெரிய விசயம். ஷெல் காயத்தோடு படுத்த தகப்பனை, பக்கவாதம் வந்த மாமியை, கால் இழந்த அண்ணனைப் பார்த்த கைகள் எத்தனை வீட்டில் இருக்கின்றன! அந்த வேலைக்கு ஒரு பெயர் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. வீட்டில் பார்த்தது மட்டும் ஆதாரத்துக்குப் போதாமல் போகலாம். ஆனாலும் பயிற்சியில் அவர்கள்தான் முன்னுக்கு நிற்பார்கள்.

சான்றிதழ் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடும். ஆட்கள் கழன்று போவது அதற்குப் பிறகு, முதல் மூன்று மாதத்தில்.

முழங்காவில் பக்கத்து அக்கா ஒருவர். 2008இல் இடம்பெயரும்போது ஒன்பதாம் வகுப்பு. பிறகு செட்டிகுளம் முகாம், திரும்பி வந்து கலியாணம், பிள்ளைகள். 29 வயதில் என் வகுப்புக்கு வந்து ஓ.எல் எடுத்தார். பயிற்சியும் முடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். இரண்டாம் கிழமை, விடிய ஒரு வயோதிப ஐயா "பிள்ளை, தொண்டை காயுது" என்று கேட்க, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருக்கிறார். கட்டில் தலைமாட்டில் ஆங்கிலத்தில் "என்.பி.எம்" என்று மூன்று எழுத்து. வாயால் எதுவும் கொடுக்கக்கூடாது என்று அர்த்தம். அன்றைக்கு ஐயாவுக்கு சத்திரசிகிச்சை இருந்தது. அது அடுத்த நாளைக்குத் தள்ளிப்போனது. எல்லோருக்கும் முன்னால் பேச்சு வாங்கி, அழுதழுது பஸ்ஸில் வந்தவர் மறுநாள் போகவில்லை.

ஐயாவுக்கு ஆபத்தில்லாமல் போனது எங்கள் அதிர்ஷ்டம். அந்த மூன்று எழுத்தை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானும்தான். அதற்குப் பிறகு என் வகுப்பில் ஒரு நாற்பது பக்கக் கொப்பி நடக்கிறது. மருந்துக்குப் பி.டி என்று எழுதியிருந்தால் நாளுக்கு இரண்டு தரம், ரி.டி.எஸ் என்றால் மூன்று தரம், எஸ்.ஓ.எஸ் என்றால் தேவைப்பட்டால் மட்டும். குடித்த அளவு, போன சலத்தின் அளவு எழுதும் தாளை நிரப்பிப் பழகுகிறோம். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எந்தப் பக்கம் திருப்பினோம் என்று நேரம் போட்டு எழுதுகிறோம். கொஞ்சம் சிங்களமும் வேண்டும். "எங்கே நோகுது", "மூச்சு முட்டுதா" என்று கேட்கத் தெரிந்தால் தொடங்கப் போதும்.

அடுத்தது பஸ். சிரிப்பான காரணமாகத் தெரியும், ஆனால் என் கணக்கில் ஆங்கிலத்தைவிட பஸ்ஸால்தான் அதிகம் பேர் வேலையை விட்டு நின்றார்கள். பின்னேர டியூட்டி இரவு ஏழு மணிக்கு முடியும். ஏ9 வீதி வரைக்கும் வந்துவிடலாம். அங்கிருந்து உள்ளே போக வாகனம் இல்லை, சில இடங்களில் யானைப் பயம் வேறு. நேர்முகத்துக்குப் போகும்போதே டியூட்டி நேரத்தைக் கேட்கச் சொல்லுங்கள். ஒரே இடத்துக்கு இரண்டு பேராக அனுப்பப் பாருங்கள். ஒருவரின் பிள்ளையை மற்றவர் வீட்டில் விடலாம், ஆட்டோக் காசைப் பிரிக்கலாம். வீட்டுக்காரரையும் மாமியையும் முன்கூட்டியே சந்தித்து, இரவு வேலை என்றால் என்னவென்று நீங்களே பேசுங்கள். அந்தப் பேச்சை அந்தப் பிள்ளையின் தலையில் போடாதீர்கள்.

நியமனக் கடிதம் கேட்டு வாங்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதம் பிடிப்பார்கள், முதலாளி 12 வீதம் போட வேண்டும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு வேறாக 3 வீதம். "முதலில் தொண்டராக வாருங்கள், பிறகு பார்ப்போம்" என்றால் யோசியுங்கள். வட மாகாணத்தில் சுகாதாரத் தொண்டர்கள் நிரந்தர நியமனம் கேட்டு எவ்வளவு காலம் வீதியில் நின்றார்கள் என்று பார்த்தோமே. ஹெப்பற்றைற்றிஸ் பி தடுப்பூசியையும் விட்டுவிட வேண்டாம். முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதம் மூன்றாவது. பயிற்சி தொடங்கும்போதே போடத் தொடங்கினால் நல்லது.

வெளிநாடு பற்றிக் கேட்பார்கள். ஜப்பானில் பராமரிப்பு வேலைக்கு மொழிப் பரீட்சை கட்டாயம். இங்கே ஒரு வருசமாவது வேலை செய்த பிறகு யோசிக்கட்டும்.

அந்த அக்காவை நாலாம் நாள் நானே கூட்டிக்கொண்டு போனேன். பெரிய தாதி கோபமாகத்தான் இருந்தார், ஆனால் கொப்பியைப் பார்த்துவிட்டு அதில் இன்னும் பத்துச் சொல் எழுதிக் கொடுத்தார். அக்காவுக்கு இப்போதும் அங்கேயேதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் வகுப்புக்கு வந்து புது ஆட்களுக்கு அந்தக் கொப்பியைப் படிப்பிக்கிறார். முதல் பக்கத்தில் என்.பி.எம்தான் இருக்கிறது. உங்கள் பெண்களுக்கும் வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஃபோட்டோக்கொப்பி எடுத்து பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்.