அவள் கையெழுத்தே போதும்

கேள்வி: அக்கா, போன ஆடியில் என் தங்கச்சிக்கு அரசு மருத்துவமனையில் இரண்டாவது பிள்ளை பிறந்தது. நாங்கள் காலனிக்காரர்கள், கரும்பு வெட்டப் போகிறவர்கள். எட்டு மாதமாக உதிரப்போக்கு சரியாகவில்லை. ஸ்கேன் எடுத்த பிறகுதான் பிள்ளை உண்டாகாமல் இருக்கக் கருப்பையில் காப்பர்-டி வைத்திருப்பதே தெரிந்தது. யாரும் அவளைக் கேட்கவில்லை. எடுக்கச் சொன்னால் "புருஷனைக் கூட்டி வா" என்கிறார்கள். அவர் கர்நாடகாவில் வேலையில் இருக்கிறார்.
- பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

பதில்: கண்ணு, காப்பர்-டி எடுக்கப் புருஷன் கையெழுத்து தேவையில்லை. வைக்கவும் தேவையில்லை. உன் தங்கச்சி "எடுத்துவிடுங்கள்" என்றால் எடுத்தாக வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள். பிரசவத்தோடு வைத்ததில் சில சமயம் அதைப் பிடித்து எடுக்கும் நூல் உள்ளே சுருண்டிருக்கும். நூல் தெரிந்தால் சில நிமிட வேலைதான். வீட்டில் யாரும் இழுத்துப் பார்க்கக் கூடாது. இத்தனை மாதம் ரத்தம் போயிருக்கிறது, ஹீமோகுளோபின் பார்க்கச் சொல். காய்ச்சலோ, நாற்றத்தோடு வெள்ளைப்படுதலோ இருந்தால் ஒரு நாளும் காத்திருக்காதே.

மறுபடியும் மறுத்தால் அரசு மருத்துவ உதவி எண் 104-க்குப் போன் போட்டுப் புகார் சொல். பிரசவ கேஸ் ஷீட்டின் நகலை எழுதிக் கேள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. அவள் சம்மதம் அதில் இருக்கிறதா என்று பார். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

நான் 29 வருஷம் கிராம செவிலியராக இருந்தவள். மார்ச் மாதம் வந்தாலே "இன்னும் எத்தனை கேஸ் பாக்கி?" என்பார்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்ற அந்த இலக்கு முறையை 1996-ல் மத்திய அரசு நிறுத்தியது. அதற்கு முந்தைய வருஷங்களில் ஊர்த்தெருவுக்குப் போனால் திண்ணையில் உட்கார்ந்து, மாமியாரிடமும் மருமகளிடமும் ஒரு மணி நேரம் பேசுவோம். காலனியில் அப்படிப் பேசவில்லை. "இவங்களுக்குச் சொன்னா புரியாது" என்று நாங்களே முடிவு செய்தோம். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒருத்தியின் கட்டைவிரலை நானே பிடித்து மையில் தோய்த்துத் தாளில் வைத்தேன். அது ஆபரேஷனுக்கான தாள். நான் படித்துக் காட்டவில்லை, அவளும் கேட்கவில்லை. அது சம்மதம் இல்லை கண்ணு. அந்த நீல விரல் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

2014 நவம்பரில் சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம் ஒரு முகாமில் ஒரே நாளில் 83 பெண்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தார்கள். எல்லாரும் ஏழைப் பெண்கள். பத்துப் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதன் பிறகு, 2016-ல்தான் இத்தகைய முகாம்களை மூன்று வருஷத்துக்குள் நிறுத்தச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

கேள்வி: மூன்றாவது கரு வேண்டாம் என்று போனேன். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குச் சம்மதித்தால்தான் கலைப்போம் என்கிறார்கள். சரியா?
- ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: சரியில்லை அம்மா. இரண்டும் வேறு வேறு. 18 வயது முடிந்த பெண்ணுக்குக் கருக்கலைப்புக்கு அவள் சம்மதம் மட்டுமே வேண்டும் என்பது 1971-ல் வந்த சட்டம். சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் போடக் கூடாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆபரேஷன் வேண்டுமா என்பதை அப்புறம் நீ நிதானமாக யோசிக்கலாம். எத்தனை வாரம் என்று நீ எழுதவில்லை. 20 வாரம் தாண்டினால் சிக்கல். இந்த வாரமே போ.