கண்ணில்லாத குகை உயிர்: சேலத்து வாசகர்களின் கேள்விகள்

ஆந்திராவின் பேலம் குகை நீரில் ஆந்திரகாய்டிஸ் என்ற சின்ன ஓட்டுடலி வாழ்கிறது. இறால், நண்டுக்கு உறவு. கண் கிடையாது, நிறமும் கிடையாது. அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கான பதில்கள் இவை.

ஏற்காடு மாணவி: எங்கள் கரடிக் குகையிலும் அது இருக்குமா சார்?

அதே இனம் இருக்க வாய்ப்பில்லை அம்மா. பேலம் சுண்ணாம்புக்கல். தண்ணீர் கல்லைக் கரைத்தே மூன்று கிலோமீட்டருக்கு மேல் வழி போட்டிருக்கிறது. சேர்வராயன் மலை சார்னோகைட் பாறை, அப்படிக் கரையாது. ஆனால் பாறை வெடிப்புகளில் நீர் நிற்கிறதே, நிலத்தடி ஓட்டுடலிகளுக்கு அதுவே போதும். விரல் நுழையாத இடுக்கும் அவற்றுக்குக் குகைதான்.

ஓமலூர் விவசாயி: கிணற்றுத் தண்ணியில் வெள்ளையாகப் பொடிப்பூச்சி துள்ளுகிறதே, அதுவா?

அது பெரும்பாலும் சைக்ளோப்ஸ் என்ற வேறொரு சின்ன ஓட்டுடலி அண்ணா. வெள்ளைத் தட்டில் ஊற்றி லென்ஸ் வைத்துப் பாருங்கள். தலை நடுவில் ஒற்றைக் கண் புள்ளியாகத் தெரியும். பெண்ணாக இருந்தால் வால் பக்கம் இரண்டு முட்டைப் பைகள் தொங்கும். ஒரு காலத்தில் நரம்புச் சிலந்தி (கினிப் புழு) நோயைப் பரப்பியது இதுதான். 2000-இல் இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்டது. இருந்தாலும் வடிகட்டியே குடியுங்கள்.

சங்ககிரி ஆசிரியர்: இத்தனூண்டு பூச்சியில் அப்படி என்ன விசேஷம்?

அதன் சொந்தக்காரர்கள் இருக்கும் இடத்தைப் பாருங்கள் ஐயா: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. நன்னீரை விட்டுக் கடலில் இறங்காத குலம் எப்படி அங்கெல்லாம் போனது? போகவில்லை. இந்த நிலமெல்லாம் கோண்டுவானா என்று ஒட்டிக் கிடந்த காலத்திலேயே அது இருந்தது. நிலம் பிரிந்தபோது கூடவே வந்துவிட்டது. எனக்கு இன்னும் சிலிர்க்கிற விஷயம் இது. ஆந்திரகாய்டிஸ் பேரினத்துக்கு 2011-இல்தான் பெயர் வைத்தார்கள். அதற்கு வெகு முன்பே, 1950-இல், இதே குலத்து நிகோல்சியாவை விவரித்திருந்தார்கள். அது கிடைத்தது குகையில் இல்லை, காசியின் கிணறுகளில்.

அஸ்தம்பட்டி வாசகர்: கண் ஏன் போயிற்று?

இருட்டில் கண் பழுதானாலும் நட்டமில்லை. தலைமுறை தலைமுறையாக அப்படியே மறைந்துபோகிறது.

ஏற்காடு மாணவி: அப்போ நம்ம ஊர்க் கிணற்றிலும் தேடலாமா?

தாராளமாக. மோட்டார் ஓடாத நேரத்தில், மெல்லிய நைலான் வலையில் கல் கட்டி அடிவரை இறக்குங்கள். நாலைந்து தடவை தூக்கித் தூக்கிப் போட்டு வண்டலைக் கலக்கிவிட்டு மெதுவாக இழுங்கள். பாழ்கிணற்றுக்குள் மட்டும் இறங்கவே கூடாது, விஷவாயு இருக்கும். ஜவ்வரிசி ஆலைக் கழிவோ சாயத் தண்ணியோ இறங்கிய கிணறு வேண்டாம். கழிவு அழுகி நீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். அப்படிக் கெட்டுப்போன கிணறுகளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. கண் புள்ளியே இல்லாமல் வெளுப்பாக ஏதாவது ஊர்ந்தால் எத்தனாலில் போட்டு, ஊர், தேதி எழுதி, உங்கள் கல்லூரி விலங்கியல் துறையில் கொடுங்கள்.