முதலில் எடையைச் சொல்லுங்கள்

கடலூரிலும் புதுச்சேரியிலுமாக 22 ஆண்டுகள் மருத்துவமனை உணவியல் பிரிவுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வாய், நாக்கு, தொண்டை, குரல்வளையில் புற்றுநோய் வந்தவர்களின் சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். எந்தக் கட்டம், எந்த மருந்து என்பதையெல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: நோயாளியின் இன்றைய எடையையும் மூன்று மாதத்துக்கு முந்தைய எடையையும் கேள்வியோடு எழுத வேண்டும். எத்தனை பேர் எழுதினார்கள் என்று நீங்களே பாருங்கள்.

மஞ்சக்குப்பம்: அப்பாவுக்கு வயது 58. நாக்கில் அறுவை முடிந்து இப்போது கரண்ட் (கதிர்சிகிச்சை) வைக்கிறார்கள், 12 நாள் ஆயிற்று. 61 கிலோ இருந்தவர் 56 ஆகிவிட்டார். மூன்று வேளையும் கஞ்சி கொடுக்கிறோம், மிச்சம் வைக்காமல் குடிக்கிறார். முகத்துக்குப் போடும் கவசம் தளர்ந்துவிட்டது என்கிறார்கள். பயப்பட வேண்டுமா அம்மா?

எடையை எழுதினீர்களே, அதற்கே முதல் நன்றி. 61-ல் 5 கிலோ என்றால் நூற்றுக்கு எட்டு. நூற்றுக்கு ஐந்து போனாலே நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம்.

போன அந்த 5 கிலோவில் தசை எவ்வளவு என்பதுதான் என் கவலை. சாதாரணமாகப் பட்டினி கிடக்கும் உடல், சில நாளில் கொழுப்பை எரித்துக் காலம் தள்ளப் பழகித் தசையை ஓரளவு காப்பாற்றிக்கொள்ளும். புற்றுநோய் உள்ள உடலில் அழற்சி ஓயாமல் கனன்றுகொண்டே இருப்பதால் அந்தச் சிக்கனம் நடப்பதில்லை. கொழுப்போடு தசையும் சேர்ந்து கரைகிறது. வலியால் சாப்பிட முடியாமை, படுத்தே கிடப்பது இரண்டும் சேர்ந்தால் இன்னும் வேகமாகக் கரையும். அப்பாவின் நெற்றிப்பொட்டும் தோள்பட்டையும் குழிந்திருக்கின்றனவா, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுகிறாரா என்று இன்றே பாருங்கள்.

இப்போது உங்கள் கஞ்சி. ஒரு டம்ளர் கஞ்சியில் ஒரு சிறு கை அரிசிதான் இருக்கிறது, மற்றதெல்லாம் தண்ணீர். சுமார் 70 கலோரி, ஒன்றரை கிராம் புரதம். மூன்று டம்ளருக்கு 210 கலோரி, 5 கிராம்கூடத் தேறாத புரதம். 56 கிலோ மனிதருக்குக் கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்று கணக்கிட்டால், நாளைக்கு 1,400 முதல் 1,680 கலோரியும் 67 முதல் 84 கிராம் புரதமும் வேண்டும். வயிறு நிறைந்து பட்டினி கிடக்கிறார் உங்கள் அப்பா.

கஞ்சியை நிறுத்தச் சொல்லவில்லை, கனமாக்குங்கள். தண்ணீருக்குப் பதில் பாலில் காய்ச்சுங்கள். பொட்டுக்கடலையை நைசாக அரைத்துச் சலித்துக் கலக்குங்கள். ஒவ்வொரு டம்ளரிலும் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ விடுங்கள். அது ஒன்றிலேயே 120 கலோரி வந்துவிடும். ஒரு நாளில் அரை லிட்டர் பால், இரண்டு முட்டை, 50 கிராம் பொட்டுக்கடலை மாவு, 50 கிராம் பாசிப்பருப்பு, முள் எடுத்து மசித்த மீன் 100 கிராம் என்று உள்ளே போனால் புரதம் 70 கிராமைத் தொடும். மூன்று வேளையில் முடியாது. ஏழு வேளையாகப் பிரியுங்கள். காரம், புளி, எலுமிச்சை வேண்டாம். ஆறவைத்துக் கொடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். இது 12-வது நாள்தான். மொத்தம் ஆறு, ஏழு வாரச் சிகிச்சை என்றால் வாய்ப்புண் இனிமேல்தான் ஏறும். கடைசிக் கரண்டு முடிந்த பிறகும் இரண்டு வாரம் போல வலி இருக்கும். ஆகவே வலி மருந்தைச் சாப்பாட்டுக்கு முன் எப்போது தருவது, உணவு செலுத்தக் குழாய் போடுவதா என்று டாக்டரிடம் இந்த வாரமே பேசுங்கள். கவசம் தளர்ந்ததையும் சும்மா விடாதீர்கள். கதிர் விழும் இடம் மில்லிமீட்டர் கணக்கில் குறித்தது. உடம்பு சுருங்கினால் கவசத்தையும் திட்டத்தையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கலாம்.

முத்தியால்பேட்டை: சர்க்கரை புற்றுநோய்க்குத் தீனி என்கிறார்களே? அம்மாவுக்குப் பாலில் சர்க்கரையையும் சாதத்தையும் நிறுத்திவிட்டோம்.

எடை எழுதவில்லை. சரி.

புற்றுநோய்ச் செல்கள் சர்க்கரையை அதிகம் விழுங்குகின்றன என்பது உண்மை. ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மானியர் 1920-களிலேயே கண்டு சொன்னது. பெட் ஸ்கேன் கட்டியைக் காட்டுவதும் அதை வைத்துத்தான். ஆனால் நீங்கள் தட்டிலிருந்து சர்க்கரையை எடுத்துவிட்டால் ரத்தத்திலிருந்து அது போய்விடாது. மூளைக்குச் சர்க்கரை வேண்டுமே! கல்லீரல் எதையாவது உடைத்து அதைச் செய்துகொண்டே இருக்கும். எதை? பெரும்பங்கு தசையிலிருந்து வரும் புரதத்தை. கட்டியைப் பட்டினி போடுவதாக நினைத்துக்கொண்டு அம்மாவின் தொடையைக் கட்டிக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறீர்கள். சாதத்தை இன்று இரவே கொடுங்கள். நீரிழிவு இருந்தால் மருந்தைச் சரிசெய்யச் சொல்லிக் கேளுங்கள், சோற்றைக் குறைத்துச் சமாளிக்காதீர்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: தினமும் காலை பஸ்ஸில் கோரிமேடு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கரண்ட் வைத்துக்கொண்டு வருகிறோம். வெறும் வயிற்றில்தான் போக வேண்டுமா? கணவர் 52 கிலோ, முன்பு 55.

வேண்டாம். கழுத்துக்குக் கதிர் வைக்க வெறும் வயிறு தேவையில்லை. இதை யாரும் சொல்லவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஊரே ஒரு டீயோடு பஸ் ஏறுகிறது. காலையில் கிளம்பி, வரிசையில் காத்திருந்து, மதியம் கடந்து வீடு திரும்பும்போது இரண்டு வேளை தொலைந்திருக்கும். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம் என்று பெருக்கிப் பாருங்கள், எத்தனை சாப்பாடு! இரண்டு பிளாஸ்க் வாங்குங்கள்: ஒன்றில் கனமான பால்கஞ்சி, மற்றதில் வாய் கொப்பளிக்கும் நீர். ஒரு லிட்டர் வெந்நீரில் உப்பு ஒரு டீஸ்பூன், சமையல் சோடா ஒரு டீஸ்பூன், ஆறியதும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பெட்டிக்கடை மவுத்வாஷ் வேண்டாம், அதில் உள்ள ஆல்கஹால் புண்ணில் எரியும்.

லாஸ்பேட்டை: சர்க்கரை சாப்பிடலாமா?

முத்தியால்பேட்டைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நெல்லிக்குப்பம்: மாமனாருக்கு மூக்கில் ரைல்ஸ் டியூப் போட்டுவிட்டார்கள். இனி வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது.

அக்கம்பக்கத்தாரை விடுங்கள், டாக்டர் என்ன சொன்னார்? புரையேறுவதால் வாயால் வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் அதுதான் சட்டம். அப்படிச் சொல்லவில்லையென்றால் நாள்தோறும் சில வாயாவது விழுங்க வையுங்கள். விழுங்குவதும் தசைதான் செய்கிறது. மாதக்கணக்கில் சும்மா விட்டால் அதுவும் சூம்பிப்போகும். பிறகு நோய் போயும் குழாய் போகாது. விழுங்கும் பயிற்சி சொல்லித் தரும் நிபுணர் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

அடைப்புக்குக் காரணம் உங்கள் சல்லடை. மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விடுங்கள். மாத்திரைகளைத் தனித்தனியாகப் பொடித்துக் கரையுங்கள். எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது, மருந்தகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஊற்றும்போது தலைமாட்டை உயர்த்தி வைத்து, முடிந்து ஒரு மணி நேரம் வரை படுக்க விடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. குழாய் போடுவதற்கு முன் ஐந்தாறு நாள் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தாரா? அப்படியானால் முதல் நாளே நிறைய ஊற்றாதீர்கள். காய்ந்த உடலுக்குள் திடீரென்று உணவு பாய்ந்தால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயத்துக்கே ஆபத்து வரும். அளவை மருத்துவமனையில் கேட்டு ஏற்றுங்கள். எடை எவ்வளவு என்று நீங்களும் சொல்லவில்லை.

வில்லியனூர்: நீங்கள் பால், முட்டை, மீன் என்று அடுக்குகிறீர்கள். புண் உள்ள உடம்புக்கு இவை கரப்பான் பண்டங்கள். தையல் போட்ட இடம் சீழ் பிடிக்கும். நம் முன்னோர் பத்தியம் வைத்தது வீணா? அண்ணனுக்கு நான் ரசம் சாதமும் சுட்ட அப்பளமும் மட்டுமே தருகிறேன்.

முன்னோரை வம்புக்கு இழுக்காமல் பேசுவோம் ஐயா. கரப்பான் என்பது தோலில் வரும் நோய். அதைக் கிளப்பும் பண்டங்கள் என்று பழைய பாட்டொன்று சோளம், கம்பு, வரகு, வாழைக்காய், பாகற்காய், கெளிற்று மீன் என்று சொல்கிறது. பாலும் முட்டையும் பாசிப்பருப்பும் அந்தப் பாட்டில் இல்லை. கருவாடும் கத்தரிக்காயும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், எனக்கு வருத்தமே இல்லை. ஒன்றை எடுத்தால் அந்த இடத்தில் என்ன வைக்கிறீர்கள்?

நெல்லிக்குப்பம் (மறுபடியும்): குறுக்கிடுகிறேன், மன்னியுங்கள். இப்படிப் பத்தியம் பேசிப் பேசித்தான் எங்கள் மாமனாரை எலும்பாக்கினார்கள் வீட்டுப் பெரியவர்கள்.

வில்லியனூர்: எலும்பாக்கியது நோய். பழியைப் பத்தியத்தின் மேல் போடாதீர்கள் அம்மா. என் தாத்தா பத்தியத்திலேயே 90 வயது வாழ்ந்தார்.

தவளக்குப்பம்: தாத்தாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் இருந்ததா ஐயா?

போதும். தாத்தாவை விட்டுவிடுவோம்.

சீழ் கிருமியால் பிடிக்கிறது. பால் குடித்தால் பிடிப்பதில்லை. தையல் ஆறப் புதுச் சதை வளர வேண்டும். அதைப் புரதம் இல்லாமல் எதை வைத்துக் கட்டும் உடம்பு? நான் வேலை பார்த்த இடம் ஒன்றில் தாடை அறுவை முடிந்த ஒருவரைப் பார்த்தேன். மருத்துவமனையில் முட்டை கொடுத்தார்கள். தலையணைக்கடியில் ஒளித்துவைத்து மனைவி வீட்டுக்கு எடுத்துப் போனார், பத்தியமாம். வார்டில் நாங்கள் யாரும் கவனிக்கவில்லை, அது எங்கள் தப்பு. கழுத்தில் தையல் விட்டு உமிழ்நீர் வெளியே கசிந்தது. கரண்ட் தொடங்க வேண்டிய நாள் தள்ளிப்போனது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு வீட்டாரிடமும் ‘உங்கள் வீட்டில் எதை விலக்குவீர்கள்?’ என்று முதலிலேயே கேட்கப் பழகினேன்.

பத்தியம் என்ற ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். வேளை தவறாமை, காரம் விலக்கல், வேகவைத்து மசித்தது, கைபடாத சுத்தம் எல்லாம் அதில் இருக்கிறது. அந்த ஒழுங்குக்குள்ளேயே பாசிப்பருப்புக் கஞ்சியும் பாலும் வைத்துக் கொடுங்கள். ரசம் சாதம் நாக்குக்கு இதம், தசைக்கு அதில் ஒன்றும் இல்லை. புளிப்பும் மிளகும் புண்ணில் எரியவும் எரியும். அப்பளம் உப்பும் கூர்மையும். புண்பட்ட வாயில் கண்ணாடித் துண்டு மாதிரி. அண்ணனின் எடை என்ன ஐயா?

வில்லியனூர்: பார்க்கவில்லை.

நாளைக் காலை பாருங்கள். ரேஷன் கடைத் தராசானாலும் பரவாயில்லை.

பாகூர்: கணவர் 84 கிலோ இருந்து 77 ஆனார். குண்டாக இருந்தவர்தானே, இளைத்தது நல்லதுதான் என்கிறார்கள்.

நான் மிகவும் பயப்படும் கேள்வி இது. ஒல்லியானவர் கரைந்தால் கண்ணுக்குத் தெரியும். பருத்தவரின் தசை கொழுப்புக்கு அடியில் சத்தமில்லாமல் போகும். தொப்பை இருக்கும், கை தளர்ந்திருக்கும். பொதுவாக வயிற்று ஸ்கேனில் மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் தசையை அளப்பார்கள். இந்த நோயாளிகளுக்குக் கழுத்து ஸ்கேன்தானே எடுத்திருக்கும், ஆகவே மூன்றாவது கழுத்து முள்ளெலும்பு மட்டத்திலேயே அளக்கும் முறையும் இருக்கிறது. உங்களுக்கு அது கிடைக்காவிட்டால், தண்ணீர் பாட்டிலின் மூடியை அவரே திறக்கிறாரா என்று பாருங்கள். இன்னொரு காரணமும் உண்டு: சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்தின் அளவை உயரமும் எடையும் வைத்துப் போடுகிறார்கள். தசை குறைந்தவர்களுக்கு அதே அளவு அதிகமாகப் படுத்துகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிகிச்சைக் காலத்தில் இளைப்பது யாருக்கும் நல்லதில்லை. தினமும் நடக்கவும், நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரவும் சொல்லுங்கள். வேலை கொடுக்காத தசையில் புரதம் சேராது.

கூத்தப்பாக்கம்: டப்பா சத்துப்பவுடர் வாங்கலாமா?

பணம் இருந்தால் வாங்குங்கள், குழாயில் அடைக்காமல் போகும் என்பதே அதன் பெரிய வசதி. இல்லாதவர்கள் கடன் வாங்க வேண்டாம். கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 100 கிராமில் 35 கிராம் புரதம் இருக்கிறது. பாலிலேயே இரண்டு கரண்டி கலந்தால் போதும்.

உழவர்கரை: பனைவெல்லமாவது சாப்பிடலாமா?

தம்பி, அதுவும் சர்க்கரைதான், அதையும் சாப்பிடலாம். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

விருத்தாசலம்: பச்சை முட்டை கொடுத்தால் பலம் என்கிறார்களே?

வேகவைத்து மட்டும். கீமோ காலத்தில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும், பச்சை முட்டை விஷப்பரீட்சை.

சிதம்பரம்: அத்தைக்கு வாய் இரண்டு விரல் அளவுதான் திறக்கிறது. பல் ஒன்றும் ஆடுகிறது. பிடுங்கிவிடலாமா? கரண்ட் வைத்து ஒரு வருடம் ஆகிறது.

நிறுத்துங்கள். கதிர்பட்ட தாடையில் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகலாம். தெருமுனைப் பல் டாக்டரிடம் போகாமல், கதிர்சிகிச்சை கொடுத்த இடத்திலேயே முதலில் காட்டுங்கள். வாய் திறக்கும் பயிற்சியும் அங்கேயே சொல்லித் தருவார்கள். இதற்குமேல் என் துறை இல்லை.

கோட்டக்குப்பம்: சர்க்கரைக்குப் பதில் சீனித்துளசி?

அடுத்த கேள்வி.

தேவனாம்பட்டினம்: அப்பா மீன் பிடித்தவர். கரண்ட் முடிந்து மூன்று மாதம். 49-லிருந்து 51 கிலோவுக்கு வந்துவிட்டார். வாய் வறண்டு ருசியே இல்லாமல் இருந்தவர், நேற்று சுறாப்புட்டு கேட்டார். கொடுக்கலாமா?

எடையும் எழுதி, ஏறிய எடையும் எழுதிய ஒரே ஆள் நீங்கள். சுறா நல்ல புரதம், முள்ளும் இல்லை. சிக்கல் புட்டில்தான். உதிரி உதிரியாக இருப்பது எச்சில் இல்லாத வாயில் ஒட்டிக்கொண்டு தொண்டையில் சிதறும். சாப்பிட்ட பிறகு இருமுகிறாரா, குரல் ஈரமாகக் கொழகொழக்கிறதா என்று முதலில் கவனியுங்கள். அப்படி இருந்தால் டாக்டரைப் பார்க்கும்வரை வேண்டாம். இல்லையென்றால், பூண்டை நன்றாக வதக்கி, மிளகாய் போடாமல், இறக்கும்போது தேங்காய்ப்பால் விட்டுக் குழைத்துவிடுங்கள். நிமிர்ந்து உட்காரவைத்துச் சின்னக் கரண்டியில் கொடுங்கள். புட்டு மாதிரி இல்லையே என்று திட்டுவார். திட்டட்டும்.