கைவிடப்பட்ட கல்குவாரியில் படம் எடுக்க அப்படி என்ன இருக்கிறது?

"எங்கள் ஏரியாவில் மூடிப்போன கல்குவாரி இருக்கிறது. வெறும் குழி, பச்சைத் தண்ணீர். சிலர் அங்கே கேமராவோடு போகிறார்கள். படம் எடுக்க அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்கும் அதே கேள்வி. அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்களும் ஒருமுறை போய்ப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். காலை பத்து மணிக்கு மேல், கரையில் நின்றபடி முழுக் குழியும் விழுகிற மாதிரி நாலு படம் எடுத்து, வீட்டுக்கு வந்து பார்த்து வெறுத்துப் போயிருப்பீர்கள். மேலே நின்று எடுத்தால் எல்லாக் குவாரியும் ஒன்றுபோலத்தான் வரும்.

நான் இருப்பது பல்லாவரம் பக்கம். இங்கே குன்றுகளை உடைத்து ஜல்லியாக அள்ளிப் போனது போக மிச்சம் கிடப்பதைத்தான் நான் படம் எடுக்கிறேன். நம்மூரில் பொதுவாகக் கருங்கல் என்று சொல்லிவிட்டுப் போகிற இந்தக் கல்லுக்குப் பெரிய சரித்திரம் இருக்கிறது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் கிடந்த கல்லை ஆராய்ந்து தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் 1893இல் சார்னோக்கைட் என்று பெயர் வைத்தாரே, அதே இனம்தான் இது. சுமார் 250 கோடி வருடப் பழசு. காய்ந்து கிடக்கும்போது சாம்பல் பூத்துக் களையில்லாமல் இருக்கும். மழை விட்ட மறுநாள் காலை போய்ப் பாருங்கள். எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுமினுப்பு, உள்ளே நீலமும் பச்சையும் ஓடும்.

அந்த நிறம் படத்தில் வரவேண்டும் என்றால் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப்பாவது (பாதியாக) குறையுங்கள். கல் கருப்பாக இருப்பதால் கேமரா தானாகவே அதை வெளுக்க வைத்துவிடும். லென்ஸ் முன்னால் மாட்டித் திருப்புகிற போலரைசர் ஃபில்டர் இருந்தால் தண்ணீர் மேல் அடிக்கும் கூச்சம் போகும், ஆனால் கடைசி வரை திருப்பாதீர்கள், கல்லின் மினுமினுப்பும் சேர்ந்து போய்விடும். வெயில் நேராக அடிக்கும் சுவரை எல்லோரும் எடுப்பார்கள். நீங்கள் திரும்பி நிழலில் இருக்கும் எதிர்ச்சுவரைப் பாருங்கள். வெயில் பட்ட பாறையிலிருந்து தெறித்து வரும் வெளிச்சம் அங்கே மெதுவாகப் பரவியிருக்கும். கல்யாண மண்டபத்தில் ஆயிரக்கணக்கில் வாடகை கொடுத்து வைக்கிற விளக்கில்கூட அப்படி ஒரு வெளிச்சம் கிடைக்காது.

ஒருநாள் அப்படி நிழல் சுவரை எடுத்துக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்க வந்த ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன தம்பி, செவுத்தையே புடிச்சிக்கினு இருக்க?" என்றார். சுவரில் மேலிருந்து கீழாக வரிவரியாக ஓடும் பள்ளங்களைக் காட்டினேன். "அது மருந்து வெக்கப் போட்ட குழிப்பா. வெடிச்சா கல்லு பாதி போய்டும், குழியில பாதி செவுத்துல நின்னுடும். அதோ, அந்த மேல் பெஞ்சு நாங்க ஒடச்சது" என்றார். பெஞ்சு என்றால் குவாரிச் சுவரில் படிபோல வெட்டிய தட்டு. அந்தப் பாதிக் குழி ஒன்றில் மண் சேர்ந்து, கைவிரல் தடிமனில் ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. வேர் குழியை விட்டு விலகாமல் நேர்கோடாகக் கீழே இறங்கியிருந்தது. நான் எடுத்ததில் எனக்குப் பிடித்த படம் அதுதான். முகநூலில் போட்டேன், பதினோரு லைக். இருக்கட்டும்.

லைக் என்றதும் இன்னொன்று. கேமரா வாங்கியதிலிருந்து சொந்தக்காரர்களுக்கு நான் இலவச போட்டோகிராபர். வளைகாப்பா, காதுகுத்தா, "நம்ம தம்பி இருக்கானே" என்று கூப்பிட்டுவிடுவார்கள். சாப்பிடக் கூப்பிட மட்டும் மறந்துவிடுவார்கள். பாறையை எடுத்தால் மட்டும் "வேலையத்த வேலை"யாம். பாறை ஒருநாளும் என்னிடம் "என்னை ஒல்லியாக் காட்டுப்பா" என்று கேட்டதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆள் நடமாட்டம் நின்ற குவாரிக்கு முதலில் வந்து சேர்கிறவர்களில் கொம்பன் ஆந்தையும் உண்டு. அது கூடு கட்டாது. பாறைத் திட்டில் மண்ணைக் கொஞ்சம் சீய்த்துவிட்டு அப்படியே முட்டை இடும். செங்குத்தாக வெட்டிய குவாரிச் சுவர் அதற்கு நல்ல வசதி. திட்டுக்குக் கீழே வெள்ளையாக எச்சம் வழிந்திருந்தால், தரையில் எலி முடியும் எலும்பும் உருண்டையாகக் கிடந்தால், மேலே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அங்கேயே நின்றுவிடுங்கள். பறக்கும் படம் வேண்டும் என்று கல் விட்டெறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பகலில் ஆந்தை வெளியே வந்தால் காக்கைகள் சேர்ந்து துரத்தும், அந்த நேரம் முட்டையும் குஞ்சும் காவலில்லாமல் கிடக்கும். அந்த மாதிரிப் படத்துக்கு விழுகிற ஐந்நூறு லைக்கைவிட என் பதினொன்று மேல்.

"மலையை அழித்தவனுக்கு வக்காலத்து வாங்குகிறாயா?" என்று பின்னூட்டத்தில் யாராவது கிளம்புவீர்கள். வாங்கவில்லை ஐயா. குன்று போனது போனதுதான், அதைத் திருப்பித் தர யாராலும் முடியாது. ஆனால் 2017 கோடையில் ஏரிகள் வற்றியபோது மாங்காடு பக்கத்துச் சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்துத்தானே சென்னைக்குக் கொடுத்தார்கள்? 2019இலும் அங்கே போய் நின்றோம். குடிக்கிறபோது யாருக்கும் அது வெறும் குழியாகத் தெரியவில்லை. அதையே நான் படம் எடுத்தால் மட்டும் குற்றமா?

போவதானால் தனியாகப் போகாதீர்கள். தண்ணீரில் காலைக்கூட நனைக்க வேண்டாம். ஏரி, குளம் மாதிரி படிப்படியாக ஆழமாகாது, கரையை விட்டு ஓரடி தள்ளினாலே செங்குத்துதான். கோடை விடுமுறை வந்தால் குவாரியில் குளிக்கப் போன பிள்ளைகள் செய்தி வராத வருடம் இல்லை. விளிம்பில் மண் பொலபொலவென்று இருக்கும் இடத்தில் டிரைபாட் வைக்காதீர்கள். திரிசூலம் பக்கம் ட்ரோன் நினைப்பே வேண்டாம், எதிரிலேயே விமான நிலையம்.

கேமரா எது என்று அடுத்து கேட்பீர்கள். போனே போதும், அரசங்கன்றுப் படம் போனில் எடுத்ததுதான். ஆந்தை இருக்கிற இடத்தின் லொகேஷனை மட்டும் யாரும் கேட்காதீர்கள், தரமாட்டேன். நன்மங்கலம் குவாரியில் ஆந்தை இருப்பது ஏற்கெனவே ஊருக்கே தெரியும். ஆனால் அது காப்புக்காடு, வனத்துறையிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள்.